பதினெட்டோடு நிற்கலாமா படிப்பு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே தமிழகத்தின் வீடுகளில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடை, இ-சேவை மையத்தில் வரிசை, தெரிந்த பேராசிரியரிடம் ஆலோசனை. அப்பா ஒரு பக்கம் அலைவார், மாமா ஒரு பக்கம் விசாரிப்பார். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இப்படி அலைய ஆளில்லை. பெற்றோரின் கைபேசி எண், குடும்ப ஆண்டு வருமானம், நிரந்தர முகவரி என்று விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பிள்ளை திகைத்து நிற்கிறது. இல்லத்தின் முகவரியை எழுதலாம்தான். ஆனால், பதினெட்டு வயது நிறைந்ததும் அந்த முகவரியும் கைவிட்டுப் போகிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்கு 21 வயது வரை ‘பிற்காப்பு’ உண்டு என்கிறது. விதிவிலக்கான சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் வழிவிடுகின்றன. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால், இந்த உதவியைப் பிள்ளையின் உரிமையாக்காமல், கொடுப்பதும் கொடுக்காததும் அரசின் விருப்பம் என்ற நிலையில் சட்டம் வைத்திருக்கிறது. குறை இங்கேதான் தொடங்குகிறது.

வயதுக் கணக்கும் பொருந்தவில்லை. தெருவிலிருந்தோ வேலைத்தலத்திலிருந்தோ மீட்கப்பட்டு இல்லத்துக்கு வரும் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பில் ஓரிரு ஆண்டுகள் போயிருப்பது இயல்பு. பத்தொன்பது வயதில் பிளஸ் டூ முடித்துப் பொறியியலில் சேர்ந்தால் பட்டம் பெறும்போது வயது 23. சட்டத்தின் பொதுவான வரம்பு 21 என்றால், மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு? பெற்றோர் உள்ள வீடுகளில் எவரும் படிப்பின் நடுவில் பிள்ளையைக் கைகழுவுவதில்லை. சட்டப்படி பெற்றோரின் இடத்தில் நிற்கும் அரசு மட்டும் ஏன் கைகழுவ வேண்டும்?

தமிழகத்தில் சலுகைகளுக்குக் குறைவில்லை. அவை இந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் அடைப்பு. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு எவரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்தவர்களுக்கு அதில் இடமுண்டு. அருமையான ஏற்பாடு, ஆனால், அந்தப் பத்து வயது எதற்கு? பதினோராம் வயதில் தாயையும் தந்தையையும் பறிகொடுத்த பிள்ளை எந்த வகையில் குறைவான அநாதை? தந்தை சிறையிலிருக்க, தாய் இருக்குமிடம் தெரியாத பிள்ளையின் கதி என்ன?

அதேபோல, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்த இந்த ஒதுக்கீட்டில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை. ஆனால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொண்டு நிறுவனங்களின் இல்லங்களில் பலவற்றை ஒட்டியிருப்பவை அரசு உதவிபெறும் பள்ளிகள். எந்த இல்லத்தில் சேர்வது என்று முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. வாய்ப்பை இழப்பது பிள்ளை.

வங்கிக்குப் போனாலும் இதே கதைதான். கல்விக் கடனுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் உடன் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே நடைமுறை.

உறவினர் பராமரிப்பில் வளரும் குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரிக் கல்விக்கும் உதவுவதாக அப்போது சொன்னது. வரவேற்க வேண்டிய முடிவு. இல்லங்களில் வளர்ந்து வெளியேறுவோருக்கும் இதே உறுதிமொழி அரசாணையாக வர வேண்டும்.

பணம் மட்டும் போதாது. செமஸ்டர் விடுமுறைக்குக் கல்லூரி விடுதியைப் பூட்டும்போது மற்ற மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவார்கள். இந்த மாணவர் எந்த ஊருக்குப் பேருந்து ஏறுவார்? தீபாவளிக்கு மெஸ் மூடினால் எங்கே சாப்பிடுவார்? இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. அரசுப் பராமரிப்பில் வளர்ந்து உயர்கல்விக்குச் செல்பவருக்கு விடுமுறைக் காலத் தங்குமிடம் தர வேண்டியது உள்ளாட்சியின் கடமை. 2,000 பவுண்டு உதவித்தொகை தனி. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 25 வயது வரை தனக்கென ஓர் ஆலோசகரைக் கேட்டுப் பெறலாம். அவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிரம் 2018-லேயே கல்வியிலும் அரசு வேலையிலும் அநாதைகளுக்கு ஒரு சதவீத ஒதுக்கீடு கொடுத்துவிட்டது.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும்தானே திண்டாடுகிறார்கள், இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று சிலர் கேட்கக்கூடும். கூலி வேலை செய்யும் தாயால் கட்டணம் கட்ட முடியாமல் போகலாம். ஆனால், தோற்றுவிட்டு வந்தாலும் மகனுக்குக் கதவு திறந்துவிட அவர் இருக்கிறார். ஒரு பாடத்தில் தோற்றால் தங்க இடமும் போய்விடும் என்ற நிலையில் படிப்பவரை அந்த மகனோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் வந்தது 1920-இல், சென்னை மாகாணத்தில். ஒதுக்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய ஔவை இல்லம் தங்க இடத்தோடு நிற்காமல் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே வளர்த்தது. அந்த வழியில் வந்த மாநிலத்துக்கு இது எட்டாத காரியமல்ல.

மத்தியச் சட்டத்தைத் திருத்தும் வேலை நாடாளுமன்றத்துடையது. ஆனால், மாநில அரசு செய்யக்கூடியவை நிறைய. பத்து வயது வரம்பை நீக்கலாம். எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் இல்லத்துப் பிள்ளைகளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்க்கலாம். இல்லத்தை விட்டுப் போகும் முன்பே சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ்கள் அத்தனையும் கையில் இருப்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொறுப்பாக்கலாம். பட்டம் வாங்கும்வரை ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லி ஓர் அலுவலரை நியமிக்கலாம். கலந்தாய்வு விண்ணப்பத்தில் இவர்களுக்கெனத் தனிக் கட்டம் வைப்பதற்குச் செலவே இல்லை. அடுத்த கலந்தாய்வு தொடங்கும் முன் இந்த ஆணைகளை முதலமைச்சர் பிறப்பிக்க வேண்டும்.