இரைச்சல் என்று தீர்ப்பளிப்பவர் யார்?

மீன்தேடும் எதிரொலிமானியைப் பற்றிய ஆய்வேடுகளில் ‘இரைச்சல்’ என்ற சொல் கேள்வியின்றி உலவுகிறது. வேண்டாத எதிரொலி, வடிகட்டி எறிய வேண்டியது என்று பொருள். திருவனந்தபுரம் கடற்கரை மீனவரின் கணிச்சமோ ‘நம்பிக்கைகள்’ என்னும் இயலில் ஒதுக்கப்படுகிறது. கருவி காட்டினால் தரவு, மீனவர் சொன்னால் நாட்டார் வழக்கு என்ற இந்தப் பாகுபாடு அறிவியலின் பெயரால் நிற்கிறது. அறிவியலோ அதற்குத் துணை நிற்பதில்லை.

எதிரொலிமானிக்கு மீன் தெரியாது. அது ஒலித்துடிப்பை அனுப்புகிறது; திரும்பிவரும் நேரத்தையும் வலிமையையும் அளக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்வதால் ஆழம் கிடைக்கிறது. மீனுடலில் ஒலியைப் பெரிதும் திருப்புவது சதையன்று, காற்றுப்பை. சூரைக்கும் வரிச்சூரைக்கும் அந்தப் பையே கிடையாது. இக்கரையின் அடுப்புகளை எரியவைக்கும் மீன் திரையில் மங்கலாகத் தெரிய, வாயுக்குமிழ் தாங்கிய இழுதுயிர் ஒன்று பளிச்சிடக்கூடும். பூவாறில் நெய்யாறு கலக்குமிடத்தில் மழைக்கால வண்டலும் அலைக்குமிழும் வேறு சேர்கின்றன. கெயினைக் கூட்டினால் திரை முழுதும் புள்ளிகள். குறைத்தால் இரைச்சலோடு சூரையும் போய்விடும். எங்கே வெட்டுவது என்பதைக் கடல் சொல்வதில்லை, குமிழைத் திருகும் கை சொல்கிறது.

1942இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலியாய்வில் ஈடுபட்டோருக்குச் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு பொய்க் கடலடி இடையூறாக வாய்த்தது. அது அந்தியில் எழுந்து விடியலில் தாழ்வதை 1945இல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் காட்டினார். இடையூறு உயிர்த்திரளாயிற்று. இடையாழ மீன்கள் உலகளவில் சுமார் 100 கோடி டன் என்று 1980இல் வலைப்பிடிப்பைக் கொண்டு மதிப்பிட்டார்கள். 2014இல் எதிரொலியைக் கொண்டு ஏறத்தாழ 1000 கோடி டன் என்றார்கள். அந்த எதிரொலியில் மீனின் பங்கு எவ்வளவு, இழுதுயிரின் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. நேற்றைய குப்பையை நாளைய பிடிப்பாக எண்ணும் திட்டங்கள் இந்த வழக்கின் மேல்தான் எழுகின்றன.

இனிக் கணிச்சம். பெருங்கடவிளைக்குக் கிழக்கே எழும் மலைமுகடுகளைக் கரையோரக் கோபுரம், தென்னந்தோப்பு போன்ற குறிகளோடு ஒரே கோட்டில் நிறுத்துவது. வேறொரு திசையில் மற்றொரு கோட்டைப் பிடிப்பது. இரண்டும் வெட்டுமிடத்தில் கடலடிப் பாரைக் கண்டடைவது. இதற்கு நில அளவைத் துறையில் பெயர் உண்டு, மதிப்பும் உண்டு. மீனவர் செய்தால் மட்டும் நம்பிக்கையாகிவிடுகிறது! வலியதுறையின் ராபர்ட் பனிப்பிள்ளை இந்தக் கடலறிவைப் பல்லாண்டுகளாகத் தொகுத்து, பார்களுக்கு முக்குளிப்பாளரை அனுப்பிப் படமும் எடுத்திருக்கிறார். மழைமூட்டம் மலையை மறைத்தால் கணிச்சம் பயன்படாது. அதை மீனவர் ஒளிப்பதில்லை.

ஒலியியல் வல்லுநர் தம் கருவியை அளவுதிருத்தம் செய்கிறார்கள், வரம்பைப் பதிவும் செய்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுடைய படத்தை எடுத்துத் தம் ஆய்வேட்டில் ஒட்டும் சமூக அறிவியலார்தான் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எந்த அலைவெண், எந்த வரம்பு, எவற்றை வெட்டினார்கள், அந்த நேரத்தில் படகிலிருந்தவர் என்ன சொன்னார்: இந்த நான்கும் இல்லாத திரைப்படத்தை வாய்மொழித் தேர்வில் சான்றாக ஏற்பதை நெறியாளர்கள் நிறுத்தட்டும்.