லென்ஸ் இருக்கு... பாடி?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆருக்கு வாங்கின லென்ஸ் கையில இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபிலிம் பாடி மட்டும் வாங்கினா போதுமா? போதும். ஆனா பாடியோட அழகுல மயங்கறதுக்கு முன்னாடி, லென்ஸ் மேல என்ன எழுதியிருக்குனு பாருங்க பாஸ்!

கேனன்னா கணக்கு ஈஸி. 1987-ல ஆரம்பிச்ச இ.ஓ.எஸ். ஃபிலிம் பாடி எதுலயும் 'இ.எஃப்.' லென்ஸ் உட்காரும். 'இ.எஃப்-எஸ்.'னு இருந்தா மாட்டவே முடியாது. டிஜிட்டலோட வர்ற 18-55 இந்த ரகம்தான்.

நிக்கான்தான் கொஞ்சம் தில்லாலங்கடி. மவுன்ட் 1959-ல இருந்து ஒண்ணுதான். ஆனா மாட்டுறதெல்லாம் வேலை செய்யாது. எல்லாரும் ஆசைப்படற எஃப்.எம்.2-ல 50 எம்.எம். 1.8 'ஜி' லென்ஸை மாட்டினா, அபெர்ச்சர் ரிங் இல்லாததால எப்பவும் எஃப்/16-தான். பொழுது சாஞ்சா பையில வைக்க வேண்டியதுதான்! அதே லென்ஸ் எஃப்.80-ல அட்டகாசமா வேலை செய்யும். பிளாஸ்டிக் பாடி, கெத்து கம்மி. பரவாயில்லை! 'டி.எக்ஸ்.' லென்ஸா? பல ஃபோகல் லெங்த்ல படத்தோட மூலை கறுத்துடும்.

வாங்குற இடத்துலயே பேட்டரி அறையில பச்சைக் கறை இருக்கானு பாருங்க. பின்மூடியைத் திறந்து, ஷட்டரை ஒரு செகண்ட்ல வெச்சு அழுத்துங்க. முழுசா திறந்து மூடணும். மூடியோரத்து ஸ்பாஞ்ச் பிசுபிசுத்தா வெளிச்சம் உள்ளே கசியலாம். உங்க லென்ஸையும் மறக்காம கொண்டு போங்க. அங்கேயே மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேரம் பேசுங்க!

ரோலுக்கும் கழுவுறதுக்கும் பாக்கெட் மணி மிச்சம் வேணுமே!