குடை பிடித்தவரை ஏன் வெட்டினீர்கள்?

குறுவை நடவு தொடங்கிவிட்டால் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள வயல்களுக்கு விடியற்காலையில் இரண்டு கூட்டம் வருகிறது. ஒன்று நாற்றுப் பறித்து நட வருகிறது. இன்னொன்று படம் எடுக்க வருகிறது. இரண்டாவது கூட்டத்தில் வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லணை, வெண்ணாற்றங்கரை, பெரிய கோயில், கோடியக்கரைப் பறவைகள் என்று ஞாயிறுதோறும் சுற்றிவிட்டு, மாலையில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, எடுத்த படங்களைக் காட்டி ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. சான்றிதழ் கேட்காத, கட்டணம் வாங்காத பள்ளிக்கூடம் அது. 'அடிவானம் சாய்ந்திருக்கிறது', 'ஷட்டர் வேகம் போதவில்லை', 'உச்சி வெயிலில் எடுக்காதே, கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறது' என்று தயங்காமல் சொல்கிறார்கள். எடுத்தவரும் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வருகிறார். (நம் இயக்கக் கூட்டங்களில் இதில் பாதி நடந்தால்கூடப் போதும்.) இவ்வளவு நேர்மையாகப் பேசத் தெரிந்தவர்களிடம்தான் இன்னும் சில கேள்விகளை எதிர்பார்க்க முடியும்.

போன ஆண்டு அப்படியொரு மாடியில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு நடவுப் படம் வந்தது. பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். பின்னால் தென்னை, மேலே மேகம், சேற்றுத் தண்ணீரில் அவர்களின் பிம்பம். வலது ஓரத்தில் வரப்பின் மேல் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். அவர் காலடியில் ஒரு நீல பிளாஸ்டிக் குடம். "குடையையும் குடத்தையும் கிராப் பண்ணிடுங்க ப்ரோ, கண்ணை அங்கேயே இழுக்குது" என்றார் ஒருவர். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வெட்டிய பிறகு படம் அழகாகத்தான் இருந்தது.

படம் எடுக்க யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்றேன். "குடை பிடிச்சிருந்தாரே, அவர்கிட்டதான்" என்றார் எடுத்தவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்தப் பதிலை நினைத்துப் பாருங்கள். படத்தில் இருக்கப்போகிற பதினைந்து பேரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அனுமதி கொடுத்தவர் படத்தில் இல்லை. அவர் நிற்கும்வரை அது ஒரு கூலி வேலையின் படம். யாருக்காகக் குனிகிறார்கள், யார் மேற்பார்க்கிறார்கள், நிழல் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருந்தது. அவரை வெட்டியதும் அந்தப் பெண்கள் தாங்களாகவே மண்ணை வணங்குவதுபோல ஆகிவிட்டார்கள். குடம்? காலனியிலிருந்து அவர்கள் சுமந்து வந்த குடிதண்ணீர். அதுவும் போயிற்று.

பிறகு தலைப்பு வைப்பார்கள். 'சோறு போடும் விவசாயி.' டெல்டாவில் யாரை விவசாயி என்று சொல்கிறார்கள் என்று எந்தக் கிராமத்து டீக்கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். நிலம் வைத்திருப்பவர் விவசாயி. குனிந்து நடுகிறவருக்குப் பெயர் 'ஆள்'. "இன்னைக்கு ஆள் வரல" என்பார்கள். தலைப்பில் மட்டும் அவருக்கு விவசாயி பட்டம் கிடைக்கிறது, கூலி உயராமலேயே.

யார் சேற்றில், யார் வரப்பில் என்பது இந்த மண்ணில் கம்போசிஷன் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்தது நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டம்தான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் மட்டும் 34 விழுக்காடு. டெல்டா வயலில் குனிந்திருக்கும் ஒரு முதுகைப் படமெடுத்தால், அது சேரியிலிருந்து வந்த முதுகாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படமெடுப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நடுகிறவருக்கும் குடை பிடித்தவருக்கும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞர்கள் குழுவாக நடுகிறார்கள். இந்தக் காட்சிகள் மாடிக் கூட்டங்களுக்கு வருவதேயில்லை. கேட்டால் 'பாரம்பரிய ஃபீல் இல்லை' என்கிறார்கள். யாருடைய பாரம்பரியம் என்று கேட்டுவிட்டு மேலே போவோம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரோதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். 'புலம்பெயர் தாய்' என்று உலகம் அறிந்த படம். லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1978இல்தான் அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அவர் ஒரு செரோக்கி பழங்குடிப் பெண் என்பதும் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். அந்த மூலப் படத்தின் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் தெரியும். அழகைக் கெடுக்கிறது என்று பின்னாளில் லாங்கே அதை அழிக்கச் செய்தார். இத்தனைக்கும் அவர் ஏழைகளின் பக்கம் நின்றவர். நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்து, கேமராவோடு எங்கே யார் நிற்கலாம் என்ற விஷயம். திறந்தவெளிப் படம் என்கிறோம். வெளி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? நகரத்திலிருந்து வரும் ஒருவர் எங்கள் காலனிக்குள் நுழைந்து, குளித்துவிட்டுத் தலை துவட்டும் பாட்டியைக்கூட எடுத்துவிட்டுப் போகலாம். காலனிப் பையன் ஒருவன் தேரோடும் வீதியில் கேமராவைத் தூக்கினால் முதல் கேள்வி "எந்தத் தெருடா நீ?" என்பதுதான். அந்தக் கேள்வியின் பொருள் டெல்டாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களுக்கு 'அவுட்டோர்' புதிதல்ல, அங்கே கேமராவோடு நிற்கும் உரிமைதான் புதிது.

பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி இங்கே வந்து, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஒட்டினார். இன்றைய ஃபோன் பனோரமாவுக்குப் பெரிய பாட்டன். நம் நண்பர்களும் அதே கோயிலை அதிகாலை நீல வெளிச்சத்தில் எடுக்கிறார்கள். கல்வெட்டு எழுத்துகள் 'நல்ல டெக்ஸ்ச்சர்' என்று பாராட்டப்படுகின்றன. அந்த எழுத்துகளைப் படித்தால், ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் தெரு கல்லில் பதிவாகியிருக்கிறது. டெக்ஸ்ச்சர் நல்லதுதான், சந்தேகமில்லை.

வேறு மாதிரி எடுக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மீன் விற்கும் தாயின் மகனான மதுரை எம். பழனிக்குமார் 2017இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்கிறார். எளிய குடும்பத்துக் குழந்தைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் வீட்டையும் குடும்பத்தையுமே படமாக்கினார். இவர்கள் படங்களில் இருப்பவர்கள் யாரோ ஒரு முதுகாக இல்லை.

எங்கள் மாலை வகுப்பிலும் ஒரு சின்ன முயற்சி செய்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அம்மாவுக்கு நடவு வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அண்ணனின் ஃபோனில் ஒரு படம் எடுத்திருந்தாள். வரிசைக்குள் இறங்கி, குனிந்து எடுத்த படம். சேறு, கைகள், நாற்று முடி. வானம் கிடையாது. அவள் சம்மதத்தோடு அதை அந்த மாடிக்குக் கொண்டுபோனோம். "அடிவானமே இல்லையேம்மா, மூச்சு முட்டுது" என்றார் ஒருவர். "குனிஞ்சு நட்டா அதெல்லாம் தெரியாதுண்ணே" என்றாள். அதன்பிறகு நடந்த பேச்சு, நான் அந்த மாடியில் கேட்டதிலேயே நல்ல பேச்சு. படத்தில் அவர்கள் குறை கண்ட வெளிச்சம் பற்றியும் சொன்னார்கள், அவளும் குறித்துக்கொண்டாள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் இதுபோன்ற குழுக்களில் இருக்கிறீர்கள். வெளியேறாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள்: இதில் இருப்பவர் பெயர் என்ன, அவரிடம் கேட்டீர்களா, ஓரத்தில் எதை வெட்டினீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். நடவுக்கு வரும் பெண்களிடம் தங்கள் படம் என்று என்ன இருக்கிறது? ஆதார், ரேஷன், வேலை அட்டை, எப்போதோ எடுத்த கல்யாணப் படம். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் தினம் இருமுறை செயலியில் படமெடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அந்தப் படம் சரியாக ஏறாவிட்டால் வருகை போச்சு, கூலியும் போச்சு. அவர்களை நிறையப் பேர் படமெடுக்கிறார்கள். அவர்கள் கைக்கு ஒன்றும் வருவதில்லை. ஸ்டூடியோவில் ஒரு பிரிண்ட் போட ஆகும் செலவு, காலையில் வயலுக்கு வந்துபோன பெட்ரோலைவிடக் குறைவு. சம்பா நடவு முடிவதற்குள் போட்டுக்கொண்டு போய்க் கொடுங்கள், குடை பிடித்தவரிடம் இல்லை, காலனியில் அவர்கள் வீட்டில். பிடித்திருக்கிறதா, பெயர் போடலாமா, மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.