காசு கொடுத்து வாங்கும் நிம்மதி

"ஆன்டிவைரஸ் போட்டாச்சு சார், இனி ஒரு வருஷத்துக்குப் பயமில்லை." வேதாரண்யத்தில் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்களுக்கு இது பழகிய வாக்கியம். இதை நம்பித்தான் வருஷா வருஷம் பணம் கட்டுகிறோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அந்தக் கணினியில் ஓடுவது என்ன? பல வீடுகளில் திருட்டு விண்டோஸ். அதை ஓட வைக்கும் 'ஆக்டிவேட்டர்' வேலை செய்ய வேண்டுமானால் விண்டோஸோடு இலவசமாகவே வரும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸை முதலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஃபென்டர் அதைப் பிடித்துவிடும். ஆக, இருந்த காவலாளியை வெளியே அனுப்பி, யார் எழுதினார்கள் என்றே தெரியாத நிரலை உள்ளே விட்டு, பிறகு அதே மேசையில் வைத்து ஆன்டிவைரஸ் விற்கிறார்கள். நாமும் "நல்லா பண்ணிக் கொடுத்தீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வருகிறோம்!

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பி ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்களிடம் அந்த ஓட்டை இல்லை. நம்மூரிலோ, ஆக்டிவேஷன் போய்விடும் என்று அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறோம். படகின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைக்க ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதை ஆறுகாட்டுத்துறை மீனவர் யாராவது செய்வார்களா?

அரசு தந்த பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறதென்றால், அதற்கான வழக்கமான அப்டேட் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுபோனது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. (அதே மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவரை நான் பார்த்ததில்லை.)

ஆன்டிவைரஸைத் தயாரித்து விற்பவர்களும் ஒன்றும் புனிதர்களல்லர். பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்ற வழக்கில் 2024 பிப்ரவரியில் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. ஏப்ரலில் அதே அவாஸ்ட் இன்னொரு செய்தியை வெளியிட்டது: இந்தியாவின் ஈஸ்கேன் ஆன்டிவைரஸின் அப்டேட் வழியாகவே கெட்ட நிரல் கணினிகளில் இறங்கியிருக்கிறது!

அப்படியானால் ஆன்டிவைரஸே வேண்டாமா? வேண்டும், ஒன்று. உரிமமுள்ள விண்டோஸில் அப்டேட்டைத் திறந்துவிட்டால் வீட்டுக் கணினிக்கு டிஃபென்டரே போதும். அடங்கல் அச்செடுக்க வெளியே கொண்டுபோய்த் திரும்பும் பென்டிரைவையும் அதை வைத்தே சோதிக்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் ஒன்றையொன்று மறித்து கணினிதான் முக்கும். ஓடிபியை நாமே போனில் சொல்லிவிட்டால் எந்த ஆன்டிவைரஸும் காக்காது.

ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கும் பணத்தைச் சேர்த்து வைத்து வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கலாம். உப்புக்காற்று மதர்போர்டை அரிக்கும் ஊர் இது, கஜா புயலையும் பார்த்தாயிற்று. படமும் பத்திரமும் ஒரே இடத்தில் இருக்கலாமா? நகல் எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.