முகமும் படமும்



வாக்குச்சாவடியில் நம் முகவராக அமர்ந்திருக்கிறீர்கள். வருபவர் அட்டையை நீட்டுகிறார். அலுவலர் படத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார்; நீங்களும் பார்க்கிறீர்கள். ஐயமில்லையென்று தலையசைக்கிறீர்கள். அந்தத் தலையசைப்புக்கு என்ன மதிப்பு?

இங்கிலாந்திலே ஓர் ஆய்வு நடந்தது, 1997-இல் வெளிவந்தது. பல்பொருள் அங்காடியில் பணம் வாங்கும் ஊழியர்களிடம், படம் பதித்த கடன் அட்டைகளை நீட்டினர். ஊழியர்கள் சோதனையை அறிந்தே இருந்தனர். எனினும், பிறர் படம் தாங்கிய அட்டைகளிற் பாதிக்கு மேல் அவர்கள் கண்ணைக் கடந்து சென்றன! சாயலே இல்லாத படங்களிற்கூட மூன்றில் ஒன்று ஏற்கப்பட்டது.

கடை ஊழியர்தாமே என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் கடவுச்சீட்டு அலுவலர்களையே சோதித்தனர். 2014-இல் வெளியான முடிவு: எதிரே நிற்பவரின் படமல்லாத படங்களில் நூற்றுக்குப் பதினான்கை, அவருடையதே என்று ஒப்புக்கொண்டனர். உண்மையான படங்களிலும் நூற்றுக்கு ஆறை மறுத்தனர். பல்லாண்டுப் பணியும் கைகொடுக்கவில்லை.

காரணம் எளிது. நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரு பெண்மணிகளின் நாற்பது படங்களைக் கலந்து, ஆளுக்கொரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத பிரிட்டன் மக்கள் ஏழெட்டுக் குவியலாக்கினர். அறிந்த டச்சுக்காரர்கள் ஏறத்தாழப் பிழையின்றி இரண்டாக்கினர். பழகிய முகம் நோயிலும் நரையிலும் தெரியும். பழகாத முகமோ, ஒவ்வொரு படத்திலும் புதிய ஆள்.

ஐயத்துக்குரிய வாக்காளரை மறுத்துரைக்க, 1961-ஆம் ஆண்டு விதிகள் உங்களுக்கு உரிமை தருகின்றன. கட்டவேண்டியது 2 ரூபாய். புகார் வீணென்றால் அந்தக் காசு போகும். ஆனால், பத்தாண்டுக்கு முன் எடுத்த படத்தோடு பல்லிழந்து, மெலிந்து, கோலூன்றி வந்த கிழவியை ஊரார் முன் "நீ யார்?" என்று நிறுத்தினோமே, அந்த இழிவுக்கு எந்தக் காசு ஈடு? அவள் திரும்பிப் போக, இறந்தவர் பெயரில் வந்தவன் விரலில் மை வாங்கிச் செல்வதும் நடக்கும்.

நாம் முகவரை எப்படித் தேர்கிறோம்? குரல் வளம் பார்க்கிறோம். சில இடங்களில் கிளைச் செயலாளரின் மைத்துனர் என்பதே தகுதி! (கோபிக்க வேண்டாம், நம் வீட்டுக் குறைதானே.) அந்தத் தெருவில் இருபதாண்டு பால் ஊற்றியவர் இருக்கிறார், எந்த வீட்டில் யார் மூத்தவர், யார் சென்ற தையில் மறைந்தார் என்பது அவருக்குத் தெரியும். மேடையில் அவர் பேசியதில்லை. நம் பட்டியலில் அவர் பெயர் இருந்ததுமில்லை. அடுத்த பட்டியல் எழுதுமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.