கம்பி போட்டு இணைக்காதீர்கள்!

மூணாறில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் துணி காயாது. மகள் வீட்டில் டிரையர்தான் கதி. சென்ற ஆனியில் அது அளவு மீறிச் சூடேறி நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர், போய்விட்ட வெப்ப ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி போட்டு இணைக்கப் பார்த்தார். தடுத்தேன்.

நீராவி எஞ்சினின் கொதிகலனில் நீர் குறைந்தால் ஈய அடைப்பு உருகி எச்சரிக்கும். அது ஈயத்தின் குற்றமா? மின்சாரத்தைத் துண்டித்து, டிரையரின் பின்பக்கக் குழாயைக் கழற்றினோம். உள்ளே பஞ்சுத் தூசி அடைத்திருந்தது. காற்று வெளியேறாவிட்டால் சூடும் உள்ளேயே தங்கும். 2016இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அடுக்குமாடியில் மூண்ட தீக்கும் பழுதான டிரையரே காரணம்.

அன்பர்களே, ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துடையுங்கள். மழைக்கு முன் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். ஃபியூஸ் போனால் காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகே அதே அளவில் புதியது போடுங்கள். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக வீட்டைப் பணயம் வைக்கலாமா?