அக்ரே என்ற ஒரு சொல்

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பில் சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1829-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி பெண்டிங்க் பிரபு வங்காளத்தில் உடன்கட்டை ஏற்றும் வழக்கத்தைக் குற்றமாக்கிச் சட்டம் பிறப்பித்ததையும், அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பிருந்தே ராஜா ராம்மோகன் ராய் அந்த வழக்கத்தைக் கண்டித்து எழுதி வந்ததையும் சொல்லி முடித்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“ஸார், அது வேதத்திலேயே சொல்லியிருக்கிறதாமே? எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் சொன்னார். அப்படியானால் ராம்மோகன் ராய் வேதத்துக்கு விரோதமாகத்தானே பேசினார்?”

எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. “அதெல்லாம் அந்தக் காலத்து விஷயம், உட்கார் அம்மா” என்றேன். மணியும் அடித்தது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். ஆனால் அவள் முகத்தில் சமாதானம் இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கும் இல்லை. கேள்வியின் இரண்டு முனைகளும் கூர்மையானவை. வேதம் அப்படிச் சொல்கிறது என்றால், அதைப் பக்தியுடன் போற்றும் பெண் ஒருத்தி தன் உயிரைப்பற்றி என்ன நினைப்பாள்? சொல்லவில்லை என்றால், சொல்கிறது என்று இத்தனை காலம் பேசியவர்கள் எதைக் கண்டு பேசினார்கள்? “அந்தக் காலத்து விஷயம்” என்பது இரண்டுக்கும் பதிலாகாது. ஆகவே நேயர்களே, அந்த மாணவிக்குச் சொல்லத் தவறிய பதிலைத் தேடிய கதையை இந்த வாரம் உங்களிடம் சொல்லுகிறேன்.

உடன்கட்டைக்கு வேதப் பிரமாணம் என்று காட்டப்பட்டது ருக்வேதம் பத்தாம் மண்டலத்தில் பதினெட்டாவது சூக்தத்தின் ஏழாவது ருக்கு. கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் 1795-ல் ஹிந்து விதவையின் கடமைகளைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வங்காளத்தில் வழங்கிய தர்ம நூல் தொகுப்புகளை ஆதாரமாகக் கொண்டு அவர் அந்த ருக்கை மொழிபெயர்த்தபோது, ஸ்திரீகள் அக்கினியில் புகட்டும் என்று பொருள் அமைந்தது. வங்காள மாகாணத்தில் 1815 முதல் 1828 வரையில் சர்க்கார் கணக்குக்கு வந்த உடன்கட்டைகள் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். அவ்வளவு சிதைகளுக்கும் இந்த ஒரு ருக்கு வேதத்தின் சாட்சியாக நின்றது.

எங்கள் தெருவின் கோடியில் ருக்வேதம் அத்தியயனம் செய்த கனபாடிகள் ஒருவர் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. மறுநாள் காலை அவரிடம் போய், “மாமா, பத்தாம் மண்டலத்தில் பதினெட்டாவது சூக்தத்தைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அபரக் காரியத்து மந்திரம் அல்லவா அது? வீட்டுக்குள் வேண்டாம். குளக்கரைக்கு வா” என்று மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஏழாவது ருக்கின் கடைசிச் சொல்லுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ‘அக்ரே’ என்று முடித்தார்.

“அக்னே இல்லையா, மாமா?”

“எவன் சொன்னான்? எட்டு வயதில் பாடசாலையில் சேர்ந்தவன் நான். சம்ஹிதையில் சொன்னாலும் அக்ரே, பதத்தில் சொன்னாலும் அக்ரே, கிரமத்தில் சொன்னாலும் அக்ரே. அக்னே என்று சொல்லியிருந்தால் என் வாத்தியார் முதுகுத் தோலை உரித்திருப்பார்.”

“அதற்கு அர்த்தம் என்ன, மாமா?”

கிழவர் சிறிது நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அர்த்தம் பாஷ்யம் வாசித்தவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிசகாமல் சொல்லுகிறேன்” என்றார்.

“இந்த ருக்கைப்பற்றி இதற்கு முன் யாராவது உங்களைக் கேட்டதுண்டா?”

“ஒருவரும் கேட்டதில்லையே!”

அன்று இரவு சாயணர் பாஷ்யத்தைப் புரட்டினேன். சாயணர் பதினாலாம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் புக்கராயர் காலத்தில் வாழ்ந்தவர். அவருக்கும் பாடம் ‘அக்ரே’தான். ‘முதலில்’ என்பது அதன் பொருள். அதற்கு முன் நிற்கும் ‘யோனி’ என்ற சொல்லுக்குப் பிற்காலத்தில் வழங்கும் பொருளை நினைக்கக் கூடாது. இருப்பிடம், வீடு என்பது வேத பாஷையில் அதற்கு உரிய பொருள்களில் ஒன்று. சாயணரும் வீடு என்றே உரை செய்கிறார். ஆக, மனைவிமார் எல்லோருக்கும் முதலாகத் தங்கள் வீட்டுக்கு வந்து சேரட்டும் என்பதுதான் அந்த ருக்கின் தாத்பரியம். ‘ஏறட்டும்’ என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்று அதில் இருக்கிறது. உடன்கட்டை ஏறுதல் என்றே சொல்லிப் பழகிய நமக்கு, அந்த வினையைக் கேட்டவுடன் கட்டைதான் நினைவுக்கு வருகிறது. சாயணருக்கு வீடு நினைவுக்கு வந்தது.

இதே ருக்கின் தொடக்கத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே குறிக்கப்படும் பெண்கள் ‘அவிதவா’ எனப்படுகிறார்கள்; அதாவது விதவை அல்லாதவர்கள். நல்ல கணவர்களை உடையவர்கள், கண்ணீர் இல்லாதவர்கள், நெய்யை மையாகக் கண்ணில் தீட்டிக்கொண்டு, நகை பூண்டு வருகிறவர்கள். கணவன் உயிரோடிருக்கும் பெண்களை எந்தச் சிதையில் ஏற்றுவது? பாடத்தை மாற்றிப் படித்தவர்களுக்கும் இந்தச் சொல் இடித்திருக்க வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு பொருள் கற்பித்தார்கள்: கணவனுடன் எரிந்துவிட்டால் விதவையாக நேராதாம்!

சூக்தம் முழுவதையும் படித்தேன். பதினாலு ருக்குகள். மிருத்யுவைப் பார்த்து, நீ உன் வழியே போ, எங்கள் குழந்தைகளைத் தொடாதே என்று வேண்டுவதுடன் தொடங்குகிறது. உயிரோடிருப்பவர்களுக்கும் மரணத்துக்கும் நடுவே ஒரு கல்லை எல்லையாக வைத்து, இவர்கள் நூறு வருஷம் வாழவேண்டும் என்று கேட்கிறது. பிற்பகுதியில் இறந்தவனைப் பூமியிடம் ஒப்புவிக்கிறது. தாய் தன் முந்தானையால் பிள்ளையை மூடுவதுபோல் இவனை மூடிக்கொள் என்று பூமியைப் பிரார்த்திக்கிறது. அக்கினியை நோக்கிய ஈமச் சூக்தம் வேறு; அது பதினாறாவது. பிழைத்திருப்பவர்கள் நீண்டு வாழவேண்டும் என்ற பெருங்கவலையோடு பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்தா, உயிருள்ள பெண்ணை எரிக்கும் விதியை எடுப்பது?

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ருக்கு ஒன்று இருக்கிறது. இறந்தவன் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை நோக்கி அது பேசுகிறது. நீ அணைந்து கிடப்பது உயிர் போனவனை. எழுந்து உயிருள்ளவர்களின் உலகத்துக்கு வா என்று அவளை அழைக்கிறது. இந்த மந்திரங்களை எந்தச் சமயத்தில் சொல்லவேண்டும் என்பதை ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தில் காணலாம். சிதையில் பிரேதத்துக்கு அருகில் மனைவியைப் படுக்கவைத்து, பின்பு கணவனின் தம்பியோ, சிஷ்யனோ, வயது முதிர்ந்த வேலைக்காரனோ இந்த எட்டாவது ருக்கைச் சொல்லி அவளை எழுப்பிவிட வேண்டும். தீ மூட்டுவது அதற்குப் பிறகுதான். ஏழாவது ருக்கோ தகனத்தன்று சொல்லுவதே அல்ல. பிற்பாடு நடக்கும் சாந்தி கருமத்தில், வீட்டுப் பெண்கள் கண்ணில் மை இட்டுக்கொள்ளும்போது சொல்லுவது. துக்கம் கழிந்து வீடு திரும்பும் பெண்களை வாழ்த்தும் மந்திரத்தை, ஒரு பெண்ணைத் தீயில் தள்ளும் மந்திரமாக்கிவிட்டார்கள்!

இது எப்படி நேர்ந்தது? பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தில் வாழ்ந்த ரகுநந்தனர் என்ற ஸ்மார்த்த பண்டிதருடைய நூலில், ‘அக்ரே’ இருக்கவேண்டிய இடத்தில் அக்கினியைக் குறிக்கும் சொல் காணப்படுகிறது. வேண்டுமென்றே செய்த மோசடி என்று மாக்ஸ் முல்லர் கடுமையாக எழுதினார். ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழை என்று சொன்ன பண்டிதர்களும் உண்டு. நாகரி லிபியில் ‘க்ர’வும் ‘க்ன’வும் கண் மயங்கினால் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவைதாம். எப்படியானாலும் பிழை ஏட்டில் புகுந்ததே தவிர, ஓதுகிறவர்களின் நாவில் புகவில்லை.

பிழையை எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராயிருந்த வில்ஸன். 1854-ல் இதைப்பற்றி விரிவாக எழுதினார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1828-ல் கல்கத்தாவில் இருந்தபோது, உடன்கட்டையைச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டாம் என்று சர்க்காருக்கு யோசனை சொன்னவரும் இதே வில்ஸன்தான். அவர் உண்மையான பாடத்தை எடுத்துக்காட்டியபோது சட்டம் வந்து இருபத்தைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர் சொல்லியா நாம் வேதத்தின் பொருளை அறியவேண்டும் என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. தவறான பாடத்தை இங்கிலீஷில் பரப்பியவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். சாயணர் நம்மவர், ஆசுவலாயனர் நம்மவர், குளக்கரைக் கனபாடிகள் நம் தெருக்காரர். நாம்தான் அவர்களிடம் போகவில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஓர் எழுத்து மாறியதால்தான் நம் நாட்டில் உடன்கட்டை உண்டாயிற்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சரித்திரத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். புறநானூற்றிலேயே பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, சான்றோர் தடுத்தும் கேளாமல் தீப்புகத் துணிந்து பாடிய பாட்டு இருக்கிறது. கணவனுடன் தீப்புகுவதைப் புகழும் ஸ்மிருதி வாக்கியங்களும் இருக்கின்றன. ராம்மோகன் ராய் இந்த எழுத்தை நம்பி வாதாடவில்லை; விதவை பிரம்மசரியத்துடன் வாழவேண்டும் என்னும் மனுவின் வாக்கையும், பலனை விரும்பிச் செய்யும் கர்மம் தாழ்ந்தது என்னும் உபதேசத்தையுமே முக்கியமாக எடுத்துக்காட்டினார். வழக்கம் முன்னே பிறந்தது. சாட்சி பின்னே தேடப்பட்டது. கிடைத்த சாட்சி வாய்மாறிச் சொன்னதைக் கேட்டு, அதுதான் வேதவாக்கு என்று எல்லோரும் தலை வணங்கினார்கள். சொத்துக்காகவும் ஊர்ப்பெருமைக்காகவும் ஒரு பெண்ணை எரிக்கத் துணிந்தவனுக்குக்கூட, அதைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மந்திரம் தேவையாயிருந்தது.

சட்டத்தை எதிர்த்து இங்கிலாந்து வரையில் அப்பீல் போயிற்று, 1832-ல் தள்ளுபடியாயிற்று. அதோடு முடிந்த கதை என்றும் சொல்வதற்கில்லை. 1987-ல் ராஜஸ்தானத்தில் தேவராலா என்ற ஊரில் ஓர் இளம்பெண் கணவன் சிதையில் எரிந்தாள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் அந்த இடத்தைக் கோயில்போல் தொழச் சென்றார்கள். சாஸ்திரம் என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. மத்திய சர்க்கார் புதிதாக ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆகையால் “அந்தக் காலத்து விஷயம்” என்று நான் வகுப்பில் சொன்னது வெறும் மழுப்பல் மட்டுமல்ல, பொய்யுங்கூட.

மறு வாரம் வகுப்பில் கரும்பலகையில் ‘அக்ரே’ என்றும் ‘அக்னே’ என்றும் எழுதி, மேலே சொன்னவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன். எந்தப் பழைய நூலிலிருந்து எந்த வாக்கியத்தை யார் எடுத்துக் காட்டினாலும், மூலத்தில் இருக்கும் சொல் எது, அது எழுந்த காலத்தில் அதற்கு என்ன பொருள், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது அபசாரம் அல்ல என்றேன். முதல் நாள் கேட்ட பெண்ணிடம், அன்று சரியாகப் பதில் சொல்லாததற்கு வருத்தமும் தெரிவித்துக்கொண்டேன். பையன்கள் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, மறுபடியும் எழுந்து நின்றாள்.

“சரியான சொல்லை அத்தனை பேர் மனப்பாடமாக வைத்திருந்தார்களே, ஸார். பின் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?”

இந்தத் தடவை நான் “உட்கார் அம்மா” என்று சொல்லவில்லை. குளக்கரையில் கனபாடிகள் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். “அவர்களை ஒருவரும் கேட்கவில்லை, அம்மா.”